தமிழில் உற்பாலனம் கற்பித்த டாக்டர் கிறீன்

மருத்துவம் பயிலும் நம் பேத்தி சென்ற ஆண்டு விடுமுறையில் ஆப்பிரிக்க நாடொன்றின் சிற்றூர் மருத்துவமனைக்குத் தொண்டு செய்யச் சென்று வந்தாள். திரும்பியதும் சற்று மனக்குறையோடு பேசினாள். அறுவை மருத்துவமும் அரிய நோய்களும் காணலாம் என்று போனவளுக்கு அங்கே இட்ட பணி, கைகழுவும் தொட்டிகளைச் சீர்செய்வதும், கட்டுத்துணிகளைக் கொதிநீரில் இடுவதும், தாய்மார்களுக்குக் குடிநீரைக் காய்ச்சிப் பருகக் கற்பிப்பதுமேயாம். அதையும் அவர்கள் மொழி தெரியாமல் கைச்சாடையால் கற்பிக்க வேண்டியதாயிற்றாம். கைகழுவச் சொல்லிக் கொடுப்பதற்காகவா கடல் கடந்து போனோம் என்று அவள் நொந்துகொண்டபோது, நூற்றெழுபது ஆண்டுகளுக்கு முன் கடல் கடந்து வந்து, முதலில் மொழியைக் கற்று, பிறகு அம்மொழியிலேயே நூல் செய்து, நம் தமிழ் மக்களுக்கு உடல்தூய்மையைக் கற்பித்த ஒருவரின் வரலாற்றை அவளுக்குச் சொன்னோம். ஏட்டின் வாசகர்களுக்கும் அதனைச் சொல்ல விழைகிறோம்.

ஆரணி, போளூர், வந்தவாசி, திண்டிவனம் வட்டங்களில் உறவினர் உடைய நம் குடும்பங்களுக்கு வேலூர் மருத்துவமனையும் அதனை நிறுவிய டாக்டர் ஐடா ஸ்கட்டர் அம்மையாரும் புதியவர் அல்லர். அந்த அம்மையாரின் பாட்டனார் டாக்டர் ஜான் ஸ்கட்டர் 1819இல் அமெரிக்காவை விட்டுப் புறப்பட்டு முதலில் வந்து பணி தொடங்கிய இடம் வேலூரும் அன்று, சென்னையும் அன்று; இலங்கையின் வடமுனையான யாழ்ப்பாணத்துப் பண்டத்தரிப்பு என்னும் ஊராகும். 1836இல் அவர் சென்னைக்கு வந்துவிட, யாழ்ப்பாணத்தில் அவர் தொடங்கிய மருத்துவப் பணியை டாக்டர் வார்டு என்பார் நடத்தினார். அவருக்குப் பின் 1847இல் வந்து சேர்ந்தவரே நம் வரலாற்றுத் தலைவரான டாக்டர் சாமுவேல் பிஸ்க் கிறீன். நம் பக்கத்தில் கிரீன் என்று எழுதுவோம். யாழ்ப்பாணத்தார் வல்லின றகரம் இட்டு எழுதுவர். அவர்களிடம் வாழ்ந்தவராதலின் நாமும் அவர்கள் வழக்கையே கைக்கொள்கிறோம்.

கிறீன் 1822ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 10ஆம் நாள் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்து ஊஸ்டர் நகரில் பிறந்தார். செல்வாக்குள்ள குடும்பம். அவருடைய தமையனார் ஆண்ட்ரூ கிறீன் நியூயார்க்கின் புகழ்பெற்ற மத்தியப் பூங்காவை உருவாக்கியவர்களுள் முதன்மையானவர். 1898இல் சுற்றுப்புற நகரங்களை இணைத்து இன்றைய பெரு நியூயார்க்கை அமைக்க முன்னின்றவர். தம்பியும் நியூயார்க்கிலேதான் மருத்துவம் பயின்று 1845இல் பட்டம் பெற்றார். அங்கேயே இருந்திருந்தால் தமையனைப் போல் அவரும் பெயரும் பொருளும் ஈட்டியிருக்கலாம். சூயஸ் கால்வாய் வெட்டப்படாத காலம்; ஆப்பிரிக்காவின் தென்முனையைச் சுற்றிக்கொண்டு பல மாதங்கள் பாய்க்கப்பலில் வரவேண்டும். இருபத்தைந்து அகவை நிரம்புமுன் அப்பயணத்தை மேற்கொண்டார்.

அவர் வந்தது சமயம் பரப்பும் சங்கத்தின் சார்பில் என்பதை மறைக்க வேண்டுவதில்லை. நோயாளிகளுக்கு மருந்தோடு போதனையும் உண்டு. மாற்றுச் சமயத்தாராகிய நாம் அதனை அறிந்தே அவர் தொண்டைப் போற்றுகிறோம். யாழ்ப்பாணத்துச் சைவப் பெருமக்களும் அவ்வாறே சமயத்தை ஒருபுறம் வைத்து மருந்தைப் பெற்றுச் சென்றனர் என்று தோன்றுகிறது. கிறீன் பிறந்த அதே 1822இல்தான் நல்லூரில் ஆறுமுக நாவலரும் பிறந்தார் என்பதை இங்கே நினைத்துக்கொள்ளலாம். ஒரே சிறு நிலப்பரப்பில் ஒருவர் சைவத்தை நிலைநிறுத்தவும் மற்றொருவர் மருத்துவத்தைக் கற்பிக்கவும் தமிழ் உரைநடையையே கருவியாகக் கொண்டு உழைத்தனர்.

வந்த புதிதில் வட்டுக்கோட்டையில் தங்கினார். அங்கே அமெரிக்கர் நடத்திய செமினரி என்னும் உயர்கல்விக்கூடம் அக்காலத்தில் பெரும்புகழ் பெற்றிருந்தது. கிறீன் வந்தபோது அங்கே மாணவராயிருந்தவர்களுள் ஒருவர் சி. வை. தாமோதரம் பிள்ளை. பின்னாளில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகள் இருவருள் ஒருவரானவர். தோலாமொழித்தேவரின் சூளாமணியை 1889இல் அச்சிட்டு நமக்கு அளித்த பெருந்தகை. அவர் பெயர் வரும் இடத்தில் இதனைச் சொல்லாமல் கடந்து செல்ல நமக்கு மனம் வரவில்லை.

1848இல் கிறீன் மானிப்பாய்க்குச் சென்று மருந்தகம் அமைத்தார். அவ்வாண்டிலேயே இளைஞர் சிலரைச் சேர்த்து மருத்துவம் கற்பிக்கவும் தொடங்கினார். அக்காலத்து மருத்துவம் எந்நிலையில் இருந்தது என்பதை எண்ணிப் பார்த்தால்தான் அவர் செய்கையின் அருமை விளங்கும். நோய்க்குக் காரணம் நுண்ணுயிர் என்பதை அன்று மருத்துவ உலகம் ஏற்கவில்லை. கிறீன் கப்பலேறிய அதே 1847இல்தான் வியன்னா நகரத்து மகப்பேற்று விடுதியில் செம்மல்வைஸ் என்னும் மருத்துவர், மருத்துவர்கள் கைகழுவாமையே தாய்மாரைக் கொல்லுகிறது என்று கண்டு, சுண்ணநீரில் கைகழுவும்படி கட்டளையிட்டார். அவர் சொல்லைப் பெரியவர் பலர் எள்ளி நகையாடினர். மனநோயர் விடுதியில் 1865இல் அவர் உயிர் நீத்தார். வாந்திபேதி தண்ணீர் வழியே பரவுகிறது என்று இலண்டன் மருத்துவர் ஜான் ஸ்நோ தெருக்குழாய் ஒன்றைச் சுட்டிக்காட்டி நிறுவியது 1854இல். அதுவும் உடனே ஏற்கப்படவில்லை. கெட்ட காற்றே நோயைத் தருவது என்பது அந்நாளைய பெரும்பான்மைக் கொள்கை.

இந்நிலையில், தம் மாணவர்க்கென்று கிறீன் முதன்முதல் தமிழாக்கத் தேர்ந்த நூல்களுள் ஒன்று எது என்பதே ஆசிரியப் பணியில் நாட்களைக் கழித்த நம்மை மிகவும் கவர்ந்தது. கால்வின் கட்டர் என்பவர் அமெரிக்கக் கல்விக்கூடங்களுக்கும் குடும்பங்களுக்கும் என எழுதிய உடல்நூல் அது. ஒவ்வோர் உறுப்பையும் எடுத்துக்கொண்டு, முதலில் அதன் அமைப்பு, அடுத்து அதன் தொழில், மூன்றாவதாக அதனைப் பேணும் முறை என்று வரிசைப்படச் சொல்லிச் செல்வது. தோலைப் பற்றிய பகுதியாயின் நீராடலும் உடையும், மூச்சுறுப்பைப் பற்றியதாயின் அறைக்குள் நல்ல காற்று புகுதலும், இறுதியில் நோயாளியைப் பேணுவோர்க்கு உரிய குறிப்புக்களும் அதில் உண்டு. அங்காதிபாத சுகரணவாத உற்பாலன நூல் என்ற நீண்ட பெயரோடு 1857இல் அது தமிழில் வெளியாயிற்று. அங்காதிபாதம் என்பது உடலமைப்பு, சுகரணவாதம் உடற்றொழில், உற்பாலனம் என்றால் உடலைப் பேணி நோய் வாராது காத்தல், அதாவது இன்று நாம் சுகாதாரம் என்கிறோமே, அது. பாலனம் என்னும் சொல் காத்தலைக் குறிப்பது நாம் அறிந்ததே. வழக்கொழிந்து போனாலும் அழகிய சொல்.

ஆசிரியப் பயிற்சிப் பள்ளியில் நாம் பயின்ற காலத்தில் உடல்நலப் பாடம் நடத்துங்கால் படம் வரைந்து, உறுப்பைச் சொல்லி, வேலையைச் சொல்லி, பிறகு பேணும் வகையைச் சொல்ல வேண்டும் என்று கற்பித்தார்கள். காரணம் அறியாத குழந்தை கட்டளையை மறந்துவிடும் என்பது அதன் உட்கருத்து. பல் துலக்கு என்று நூறு முறை சொல்வதினும் பல்லின் அமைப்பை ஒருமுறை காட்டுவது நலம் என்பதை வகுப்பறையில் கண்கூடாகக் கண்டிருக்கிறோம். மானிப்பாயில் ஒருவர் அந்த முறையைத் தமிழில் நூலாகவே அச்சிட்டு வைத்திருந்தார் என்பது அப்போது நமக்குத் தெரியாது.

அதே 1857இல் பேறுகால மருத்துவத்தைப் பற்றிய நூலும் தமிழில் வந்தது. பெரிய நூல்கள் மட்டும் அல்ல. வாந்திபேதி போன்றவற்றைப் பற்றிப் பொதுமக்கள் படிக்கத்தக்க சிறு பிரசுரங்களையும் அவர் வெளியிட்டார்.

யாழ்ப்பாணத்தில் ஆண்டு முழுதும் ஓடும் ஆறு ஒன்றும் இல்லை. குடிக்கவும் குளிக்கவும் பயிர் செய்யவும் கிணறுகளே கதி. நிலத்தின் அடியிலோ சுண்ணாம்புப் பாறை. மழைநீர் அதன் வெடிப்புக்களின் வழியே விரைந்து இறங்கும். மேலே கிடக்கும் அழுக்கும் உடன் இறங்கும். வாந்திபேதி அங்கே அடிக்கடி கொடுமை செய்ததற்கு இந்நில அமைப்பும் காரணமாயிருக்க வேண்டும்.

தண்ணீரைப் பற்றிப் பேசுங்கால் நம் வீட்டு வழக்கம் ஒன்று நினைவுக்கு வருகிறது. நம் பாட்டிமார் குடத்தின் வாயில் மடித்த துணியைக் கட்டி வடித்த நீரையன்றிப் பருகியதில்லை. வடித்தபின் துணியை அதே கிணற்று நீரால் அலசி அக்கிணற்றிலேயே மெல்ல விடுவார்கள். நீரில் உள்ள சிற்றுயிர்களுக்குத் துன்பம் நேராதிருத்தலே அதன் நோக்கம். நம் உடல்நலம் அன்று. ஆயினும் வங்காள தேசத்துச் சிற்றூர்களில் ரீட்டா கோல்வெல் என்னும் அறிவியலாரும் துணைவரும் ஆராய்ந்து 2003இல் வெளியிட்ட முடிவு வியப்பளிக்கிறது. பழைய சேலையை நான்காகவேனும் மடித்து நீரை வடித்துக் குடித்த குடும்பங்களில் வாந்திபேதி ஏறத்தாழப் பாதியாகக் குறைந்ததாம். நீரில் மிதக்கும் மிகச்சிறு உயிரிகளைப் பற்றிக்கொண்டு நோய்க்கிருமி வாழ்வதால், அவை துணியில் தங்கும்போது கிருமியும் பெரும்பகுதி தங்கிவிடுகிறது. துணி வடித்தல் முழுக் காப்பு அன்று, காய்ச்சுதலே காப்பு என்பதையும் கூடவே சொல்லிவிடுகிறோம்.

2015 டிசம்பரில் அடையாற்று வெள்ளம் நம் ஈக்காட்டுத்தாங்கலைச் சூழ்ந்தபோது காய்ச்சுவதற்கும் வழியில்லாமற் போயிற்று. கீழ்த்தளம் முழுதும் சேற்றுநீர். தரையடித் தொட்டியில் சாக்கடை கலந்துவிட்டது. மூன்றாம் நாள் வெளியூர் இளைஞர் சிலர் குளோரின் மாத்திரைகளோடு வந்தனர். மாத்திரையைக் கொடுத்துவிட்டுப் போய்விடாமல் ஒவ்வொரு வாயிலிலும் நின்று, ஒரு குடத்துக்கு எத்தனை, எவ்வளவு நேரம் பொறுக்க வேண்டும் என்று பொறுமையாகச் சொல்லிக்கொண்டிருந்தனர். அட்டையிலிருந்த அறிவுரை ஆங்கிலத்தில் அச்சாகியிருந்தது. எதிர்வீட்டு வேலைக்கார அம்மாள் அதைக் கையில் வைத்துக்கொண்டு தலைவலி மாத்திரையா என்று நம்மிடம் கேட்டாள். தமிழில் நான்கு வரி அச்சிட அந்த ஆலையாருக்கு என்ன தடையோ, அறியோம்.

இந்த அட்டையின் குறையைத்தான் கிறீன் தம் காலத்தில் உணர்ந்தார் எனலாம். முதற் பத்தாண்டில் அவர் ஆங்கிலத்திலேயே மருத்துவம் கற்பித்தார். நன்றாகவே தேர்ந்தனர் மாணவர். ஆனால் ஆங்கிலத்தில் தேர்ந்தவர்க்கு அரசாங்கச் சம்பளம் காத்திருந்தது. ஆகவே பலர் ஊரை விட்டு வெளியே போயினர்; ஊர் பழையபடியே மருத்துவரின்றிக் கிடந்தது. தமிழில் கற்றவரே தமிழ்ச் சிற்றூரில் தங்குவர், அவர் சொல்வதே ஊராருக்கு விளங்கும் என்று முடிவு செய்தார் கிறீன். இடையே தாய்நாடு சென்றவர் 1862இல் மார்கரெட் வில்லியம்ஸ் என்னும் அம்மையாரை மணந்து அவ்வாண்டே மனைவியோடு மீண்டு வந்து, 1864 முதல் தமிழிலேயே மருத்துவம் கற்பிக்கலானார். அவரிடம் ஆங்கிலத்திலும் தமிழிலுமாகப் பயின்று வெளிவந்த மருத்துவர் அறுபதுக்கும் மேற்பட்டவர். அவருள் ஏறத்தாழப் பாதிப்பேர் தமிழ் வழியில் பயின்றோர். தொகை சிறிதாகத் தோன்றலாம். ஒருவர் தனித்து நின்று, நூலும் தாமே ஆக்கி, நோயாளிகளையும் பார்த்துக்கொண்டு கற்பித்தது என்பதை நினைக்க வேண்டும். 1866, 1867ஆம் ஆண்டுகளில் வாந்திபேதி யாழ்ப்பாணத்தைச் சூறையாடியபோது ஊர்ப்புறங்களில் நம்மவரே மருத்துவராய் இருந்தது எத்துணை ஆறுதலாயிருந்திருக்கும்!

கற்பிக்க நூல் வேண்டுமே. ஒன்றன்பின் ஒன்றாக அந்நாளைய சிறந்த ஆங்கில மருத்துவ நூல்கள் தமிழுக்கு வந்தன. அறுவை மருத்துவத்துக்கு இரணவைத்தியம், 1867இல். உடலமைப்புக்கு மனுஷ அங்காதிபாதம், பொது மருத்துவத்துக்கு வைத்தியாகரம், இரண்டும் 1872இல். வேதியியலுக்குக் கெமிஸ்தம், 1875இல். உடற்றொழிலுக்கு மனுஷ சுகரணம், 1883இல். மருந்துப் பொருள்களைப் பற்றிய இந்து பதார்த்தசாரமும் உண்டு. மனுஷ அங்காதிபாதம் என்பது இன்றும் மருத்துவ மாணவர் கையில் உள்ள கிரே என்பாரின் உடலமைப்பு நூலின் தமிழ் வடிவமேயாகும். இரணவைத்தியம் வெளியான அதே ஆண்டில்தான் லிஸ்டர் கார்பாலிக் அமிலத்தால் புண்ணைத் தூய்மையாக்கும் முறையை உலகுக்கு அறிவித்தார். ஆகையால் அச்சிட்ட நாளிலேயே அந்நூல் ஒரு வகையில் பழையதாகிவிட்டது என்று கூற வேண்டும். மருத்துவ நூல் செய்வாரின் இடர் அது. நூலைத் தமிழாக்குவதோடு பணி முடிவதில்லை, திருத்திக்கொண்டே இருக்க வேண்டும். கிறீனும் கடைசிவரை திருத்திக்கொண்டேயிருந்தார்.

சொல்லாக்கத்தில் அவருக்கு ஒரு முறைமை இருந்தது. தமிழில் ஏற்ற சொல் உண்டாயின் அதனைக் கொள்க; இல்லையேல் வடசொல்லை நாடுக; இரண்டும் உதவாதபோது ஆங்கிலச் சொல்லையே தமிழ் ஒலிக்கு இசைய எழுதுக என்பது. கெமிஸ்திரி கெமிஸ்தம் ஆனது இவ்வாறே. இன்றைய தனித்தமிழ் அன்பருக்கு அவருடைய வடசொற்கள் கசக்கலாம். அக்காலத்துத் தமிழ் மருத்துவர்க்குச் சரகம், சுசுருதம் வழிவந்த சொற்கள் பழக்கமானவை என்பதை நோக்கின், பழகிய சொல்லிலிருந்து புதிய அறிவுக்குச் செல்லும் ஆசிரியர் முறையையே அவர் பின்பற்றினார் என்று கொள்ளலாம். அவர் தொகுத்த கலைச்சொற்பட்டியல்களும் அச்சேறின.

இவ்வுழைப்பு அவர் ஒருவருடையது மட்டும் அன்று. சப்மன், டான்வர்த் எனப் பெயர் கொண்ட மாணவர்கள் மொழிபெயர்ப்பில் உடன் உழைத்தனர். பெயரைக் கண்டு வெள்ளையர் என்று மயங்க வேண்டா. அமெரிக்காவிலிருந்து கல்விப்பொருள் உதவியவரின் பெயரை மாணவருக்கு இடுவது அந்தப் பள்ளிகளின் வழக்கம். அவர்கள் யாழ்ப்பாணத்துத் தமிழரே. இவ்வழக்கம் நமக்கு உவப்பானதன்று. ஒரு குழந்தைக்குக் கல்வி கொடுத்துப் பெயரைப் பறிப்பது என்ன தானம்? ஆனால் கிறீன் தம் மாணவர் கால்சட்டையும் கோட்டும் அணிந்து ஐரோப்பியர் போல் உலவுவதை விரும்பவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். உடையிலும் உணவிலும் அவர்கள் தமிழராகவே இருக்க வேண்டும், இல்லையேல் ஊராருக்கு அந்நியராகிவிடுவர் என்று அஞ்சினார். மருத்துவரின் உடையைக் கண்டே நோயாளி வாயடைத்து நிற்பது இன்றும் உள்ளதுதானே.

உடல்நலம் குன்றியதால் 1873இல் கிறீன் யாழ்ப்பாணத்தை விட்டுப் புறப்பட்டார். மீண்டும் வரவில்லை. ஆனால் தமிழை விடவில்லை. ஊஸ்டரில் இருந்துகொண்டே மொழிபெயர்ப்புக்களைப் பார்வையிட்டுத் திருத்தினார். தாள்கள் கப்பலில் போவதும் வருவதுமாயிருந்தன. பனி பெய்யும் அந்த ஊரில், வீட்டாரும் அண்டையாரும் படிக்கவியலாத எழுத்துக்களை விளக்கருகே வைத்துக்கொண்டு, ஒற்றுப்பிழை பார்க்கும் ஒரு முதியவரைக் கற்பனை செய்து பார்க்கிறோம். முதியவர் என்றோமேயன்றி அப்போது அவருக்கு ஐம்பத்துச் சில ஆண்டுகளே.

யாழ்ப்பாணத்திலோ நிலை மாறிக்கொண்டிருந்தது. கொழும்பில் 1870இல் ஆங்கில வழி மருத்துவக் கல்விக்கூடம் தோன்றியிருந்தது. பதவியும் ஊதியமும் ஆங்கிலத்தின் பக்கம். கிறீன் போனபின் தமிழ் வழி மருத்துவக் கல்வி நிலைக்கவில்லை. நூல்கள் இருந்தன, படிப்போர் இல்லை. இதற்காக அக்கால மாணவரைக் குறைகூற நமக்கு உரிமையில்லை. நம் மக்களையும் பேரப்பிள்ளைகளையும் நாம் எந்த மொழி வழிப் பள்ளியில் சேர்த்தோம் என்று கேட்டால் தலைகுனிய வேண்டியவர்களே நாம். தமிழாசிரியர் வீட்டிலேயே அவ்வாறெனின் பிறரைச் சொல்வானேன்?

கிறீன் 1884ஆம் ஆண்டு மே 28ஆம் நாள் ஊஸ்டரில் காலமானார். அவ்வாண்டுத் தொடக்கத்தில்தான் கல்கத்தாவில் தங்கி ஆராய்ந்த ஜெர்மானிய அறிஞர் ராபர்ட் காக், வாந்திபேதிக்குக் காரணமான கிருமியைத் தனியே பிரித்தறிந்து, அது தண்ணீரில் வாழ்வதையும் உறுதிப்படுத்தினார். கிறீன் தம் வாழ்நாளெல்லாம் எதிர்த்து நின்ற பகைவனின் முகம் அவர் கண்மூடும் ஆண்டில் வெளிப்பட்டது. அச்செய்தி ஊஸ்டர் வரை எட்டி அவர் செவியில் விழுந்திருக்குமோ, அறியோம்.

மானிப்பாய் மருத்துவமனை இன்று கிறீன் நினைவு மருத்துவமனை என வழங்குகிறது. ஊஸ்டர் நகரில் கிறீன் குடும்பத்தின் குன்றுநிலம் நகர மக்களின் பூங்காவாகிவிட்டது. அந்நகரத்துக் கல்லறைத் தோட்டத்தில் அவர் கல்லின்மேல், தமிழர்க்கு மருத்துவத் தொண்டும் சமயத் தொண்டும் செய்தவர் என்னும் பொருள்பட ஆங்கிலத்தில் எழுதியிருக்கிறது. அப்படியே பொறிக்க வேண்டும் என்று உயிரோடிருக்கும்போதே அவர் விரும்பிக் கேட்டுக்கொண்டாராம்.

இவ்வளவும் கேட்டபின் பேத்தி ஒரு தாளை எடுத்து, அந்த ஆப்பிரிக்கச் சிற்றூர்த் தாய்மார் பேசும் மொழியில் தண்ணீர், கை, சோப்பு, காய்ச்சு என்பவற்றுக்கு உரிய சொற்களைத் தான் நினைவில் வைத்திருந்த அளவுக்குத் தமிழெழுத்தில் எழுதினாள். ஆறு சொற்கள் வந்தன. மற்றவற்றை அங்குள்ள செவிலியரிடம் கடிதம் எழுதிக் கேட்பதாகச் சொன்னாள்.